மடக்குக்கத்தி வாங்கும் முன் ஒரு தீட்டுக்கல் வாங்குங்கள்

மடக்குக்கத்தி வாங்க வேண்டும், எது நல்லது என்று கேட்பவர்களிடம், வீட்டில் தீட்டுக்கல் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். இல்லையென்றால் கல்லை வாங்கச் சொல்வேன். கத்தி சேர்க்கத் தொடங்குகிற பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒன்று மழுங்கியதும் அடுத்ததை வாங்குகிறார்கள். சில ஆண்டுகளில் மேசை இலாச்சி நிறையக் கத்தி இருக்கும். ஒரு தக்காளியை நசுக்காமல் அரிய அவற்றில் ஒன்றுகூட உதவாது. தீட்டத் தெரிந்தவருக்கு ஒரே கத்தி பல ஆண்டுகள் போதும். அதன் பிறகு அவர் இரண்டாவது கத்தியை விரும்பி வாங்கினால், எதற்காக வாங்குகிறோம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நம் பக்கத்துச் சிறு கத்திகள்

சிறிய வெட்டுக்கருவி ஒன்றைக் கூடவே வைத்திருப்பது நமக்குப் புதிதல்ல. வெற்றிலை வட்டாவோடு பாக்குவெட்டியும் வைத்து விருந்தினரை வரவேற்ற ஊர் மட்டக்களப்பு. ஓலை பின்னுவோரிடம் சத்தகம் இருக்கும். அறுவடைக்குப் போகிறவர் கையில் தாக்கத்தி இருக்கும். ஏடு எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்றே ஒரு கருவி இருந்தது. மரத்தாலோ தந்தத்தாலோ ஆன பிடிக்குள் எழுத்தாணி மடங்கிக்கொள்ளும். ஓலை வாரும் கத்தியும் அதிலேயே இருக்கும். இன்று நாம் பேனாக்கத்தி, வில்லுக்கத்தி என்று சொல்லும் பொருளுக்கு அது மிக நெருங்கிய உறவு.

உங்கள் உறவினர் வீட்டில் வைத்தியச் சுவடிகளோடு அப்படி ஒன்று இருந்தால் விலைபேசாதீர்கள். சுவடியோடு சேர்ந்திருக்கும் வரைதான் அது யார் கையில் இருந்தது, எதற்குப் பயன்பட்டது என்ற விவரமும் கூட இருக்கும். படம் எடுத்து, நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு, துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் முறையை அந்த வீட்டாருக்குச் சொல்லிக்கொடுங்கள். சேகரிப்பாளர் செய்யக்கூடிய நல்ல வேலைகளில் இதுவும் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

வில் வைத்த மடக்குக்கத்தி இயங்கும் விதத்தை அறிந்துகொள்ளுங்கள். பிடியின் முதுகில் ஓர் எஃகுப் பட்டை வில்லாக இருக்கும். அலகின் அடிக்கட்டை அந்த வில்லை அழுத்திக்கொண்டு சுழலும். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் வில் அதைப் பிடித்து நிறுத்தும். பூட்டு எதுவும் கிடையாது. அலகின் முதுகைப் போதிய விசையோடு தள்ளினால் கத்தி உங்கள் விரலின் மேலேயே மூடும். ஆகவே குத்துவதற்கும் துளைப்பதற்கும் நெம்புவதற்கும் இதை எடுக்கவே கூடாது. இழுத்து அரிவதும் சீவுவதும்தான் இதன் வேலை.

முதல் கத்தி

நம் பகுதிக்கு நல்ல மடக்குக்கத்தி பெரும்பாலும் வெளிநாட்டு உறவினரின் பெட்டியில்தான் வந்து சேர்கிறது. சுவிசில் ஓர் அண்ணன், பாரிசில் ஒரு மாமி என்று பல குடும்பங்களில் இருப்பதால், அந்த இரு நாட்டுக் கத்திகளிலிருந்தே தெரிவைத் தொடங்கலாம்.

சுவிஸ் கத்திதான் புதியவருக்கு என் முதல் பரிந்துரை. கார்ல் எல்சனர் 1884 இல் தொடங்கிய பட்டறையே இன்றைய விக்டோரினொக்ஸ். 1891 இல் சுவிஸ் இராணுவத்துக்குக் கத்தி வழங்கத் தொடங்கியது. பல கருவிகள் அடங்கிய அதிகாரிக் கத்தி 1897 இல் வந்தது. அலகு துருவை எதிர்க்கும் எஃகு. அதன் கடினம் ரொக்வெல் அளவில் 56 ஐ ஒட்டியது. இன்றைய விலையுயர்ந்த கத்திகளோடு ஒப்பிட்டால் மென்மையானதுதான். இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. தீட்டப் பழகுகிறவருக்கு இது பெரிய உதவி. சாதாரணக் கல்லிலேயே கூர் ஏறும். கவனக்குறைவாக எலும்பில் பட்டாலும் வாய், அதாவது வெட்டும் ஓரம், எளிதில் தெறிக்காது. ஓர் அலகும் இரண்டு மூன்று கருவிகளும் உள்ள மெல்லிய வகையை எடுங்கள். பத்துப் பன்னிரண்டு கருவிகள் உள்ள தடித்தது கையில் நிற்காது, காற்சட்டைப் பையையும் இழுத்துத் தொங்கவைக்கும்.

பிரான்சிலிருந்து வருவதில் ஒப்பினெல் நல்லது, விலையும் குறைவு. சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890 இல் உருவாக்கியது. மரப்பிடி, ஓர் அலகு, அவ்வளவே. இதில் வில் இல்லை. மரத்தின் இறுக்கமே அலகைப் பிடித்து வைக்கிறது. 1955 இல் சேர்க்கப்பட்ட சுழலும் வளையம், திறந்த அலகு மூடாமல் பூட்டும். 8 ஆம் இலக்கத்தின் அலகு 8.5 சென்ரிமீற்றர். அலகு மெலிதாக இருப்பதால் மாங்காயோ பழமோ சீவும்போது மற்றக் கத்திகளில் இல்லாத இலகு தெரியும். கார்பன் எஃகிலும் துருப்பிடிக்காத எஃகிலும் கிடைக்கிறது. கார்பன் விரைவில் கூரேறும், விரைவில் துருவும் ஏறும். களப்புக்கு மேற்கே, படுவான்கரை வயல் பக்கம் இருப்பவர் கார்பனை நம்பி வாங்கலாம். எழுவான்கரையில் கடலோரம் வீடு என்றால் துருப்பிடிக்காததை எடுங்கள்.

லாகியோல் என்று பொறித்த, வில்லின் தலையில் தேனீ உருவம் வைத்த அழகான கத்தியும் பரிசாக வரும். லாகியோல் என்பது ஓர் ஊரின் பெயர், ஒரே நிறுவனத்தின் முத்திரை அல்ல. மிகச் சிறந்ததும் அந்தப் பெயரில் உண்டு, இரண்டாம் மாதம் ஆணி தளர்ந்து ஆடுவதும் உண்டு. செய்தவரின் பெயரும் செய்த இடமும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். திருவிழாக் கடைகளில் குவித்து வைத்திருக்கும், ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற சொல் மட்டும் உள்ள கத்திகளுக்கும் இதையே சொல்வேன். செய்தவர் தன் பெயரைப் போடாத கத்தியை வாங்காதீர்கள்.

வெளிநாட்டில் யாரும் இல்லையென்றால் உள்ளூர்க் கொல்லரிடம் போங்கள். மடக்குக்கத்தியின் வில்லும் மூட்டும் தனித் தேர்ச்சி வேண்டும் வேலை. அதை எல்லாப் பட்டறையிலும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் லொறி வில்லுத்தகட்டில் அடித்த சிறு கத்தி ஒன்றையோ சத்தகம் ஒன்றையோ செய்துதரச் சொல்லலாம். அந்த எஃகு நல்ல எஃகு. கருங்காலியிலோ முதிரையிலோ பிடி போட்டுக்கொள்ளுங்கள். தீட்டுதலை அதில் பழகினால், பிறகு எந்த மடக்குக்கத்தி கைக்கு வந்தாலும் தடுமாற மாட்டீர்கள்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

மூடிய கத்தியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அலகு இரு பக்கத் தகடுகளுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். நகப்பள்ளத்தில் நகத்தை வைத்துத் திறங்கள். நகம் பிய்யும் அளவு இறுக்கமும் வேண்டாம், தானாக விழும் அளவு தளர்வும் வேண்டாம். முழுவதும் திறந்த நிலையில் அலகின் முதுகும் பிடியின் முதுகும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அலகை இடம் வலமாக மெல்ல அசையுங்கள்; ஆட்டம் தெரிந்தால் வாங்க வேண்டாம். மூடியபின் நுனி பிடிக்கு வெளியே தலைகாட்டினால் அது பையையும் விரலையும் கிழிக்கும்.

மூடும்போது அலகைப் பாதியில் விட்டு வில்லின் விசையில் ‘டக்’ என்று விழவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. சில கத்திகளில் வாய் வில்லின் உட்புறத்தில் மோதி மழுங்கும். கடைசிவரை கையால் கொண்டுபோய் மூடுங்கள். விரல்கள் பிடியின் இரு பக்கங்களிலும் நிற்கட்டும், அலகு வந்து விழும் பள்ளத்தின் மேல் அல்ல.

தீட்டுதல்

தேவையானவை குறைவு. இரும்புச் சாமான் கடையில் விற்கும் இருபக்கக் கார்பரண்டம் கல் ஒன்று. ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் சற்று மென்மையாகவும் இருக்கும். தச்சர்கள் உளி தீட்டுவதும் இதில்தான். முடிந்தால் 1000 என்று இலக்கமிட்ட தண்ணீர்க்கல் ஒன்றைத் தருவித்துக்கொள்ளுங்கள். பழைய தோல் பெல்ட் ஒன்றின் துண்டு, ஒரு கறுப்பு மார்க்கர் பேனா. இவ்வளவுதான்.

கார்பரண்டம் கல்லுக்குத் தண்ணீரா எண்ணெயா என்பதை முதல் நாளே முடிவுசெய்யுங்கள். எண்ணெய் குடித்த கல்லில் பிறகு தண்ணீர் சரியாக நிற்காது. நான் தண்ணீர் பக்கம். கழுவிக் காயவைப்பது எளிது, எறும்பும் வராது. பழைய கல் நடுவில் குழிந்திருந்தால் அதில் தீட்டும் எந்தக் கத்தியும் சரியாக வராது. சமமான சீமெந்துத் தரையில் ஈர மணலைத் தூவி, கல்லைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துக் குழியை எடுத்துவிடுங்கள். பிறகு மணல் துகள் ஒன்றும் ஒட்டியிராதபடி கழுவுங்கள்.

கல்லை ஈரச் சாக்கின் மேல் வைத்தால் வழுக்காது. இடுப்பு உயர மேசையில் நின்றுகொண்டு, வெளிச்சம் முன்னாலிருந்து வரும்படி தீட்டுங்கள். தரையில் குந்தியிருந்து தீட்டினால் கை சாய்வு மாறிக்கொண்டே இருக்கும்.

முதலில் கத்தியைப் பாருங்கள். வாயை மேல்நோக்கிப் பிடித்து விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துப் பார்த்தால், கூரான வாய் கண்ணுக்கே தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். பல் விழுந்த இடம் புள்ளியாக மின்னும். அந்த மினுக்கம் முழுவதும் மறைய வேண்டும். கட்டைவிரலை வாயின் நீளத்துக்கு இழுத்துச் சோதிக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

அடுத்தது சாய்வு. எல்லாம் இதில்தான் இருக்கிறது, ஆகவே அவசரப்படாதீர்கள். பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை போதும். பாகைமானி தேவையில்லை. முதுகிலிருந்து வாய்வரை அலகின் அகலம் 1.5 சென்ரிமீற்றர் என்றால், முதுகு கல்லிலிருந்து 4 மில்லிமீற்றர் உயரும்போது ஏறத்தாழ 15 பாகை. 5 மில்லிமீற்றர் உயரும்போது ஏறத்தாழ 20 பாகை. தீக்குச்சி ஒன்றின் தடிப்பு 2 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். இரண்டு குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அந்த உயரத்தில் அலகின் முதுகைச் சாய்த்துப் பாருங்கள். அந்த நிலையைக் கை உணர்ந்துகொண்டதும் குச்சிகளை எடுத்துவிடுங்கள்.

சாய்வு சரியா என்று மை சொல்லும். வாயோரம் முழுவதும் மார்க்கரால் பூசி, கல்லில் இரண்டு முறை மெல்ல இழுத்து, எடுத்துப் பாருங்கள். தீட்டிய சாய்வுப் பட்டை முழுவதிலும் மை அழிந்திருந்தால் சரி. மேல் விளிம்பில் மட்டும் அழிந்து வாயோரத்தில் மை அப்படியே இருந்தால் கத்தி படுத்துவிட்டது, முதுகை உயர்த்துங்கள். வாயின் ஓரத்தில் மட்டும் நூல் போல அழிந்திருந்தால் முதுகு மிகவும் உயர்ந்துவிட்டது. முதல் சில கத்திகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கை தானாக அந்தச் சாய்வில் போய் நிற்கத் தொடங்கும்.

இனித் தேய்ப்பு. மிகவும் மழுங்கியிருந்தால் மட்டும் கரட்டுப் பக்கம். இல்லையென்றால் மென்பக்கத்திலேயே தொடங்குங்கள். கல்லின் மேல் மெல்லிய தோலைச் சீவி எடுப்பதாக எண்ணி, வாய் முன்செல்ல, அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பில் கொண்டுபோங்கள். அலகு வளையும் இடத்தில் பிடியைச் சற்றே உயர்த்த வேண்டும். அதைச் செய்யாவிட்டால் நுனி எப்போதும் மழுங்கலாகவே இருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் தொடர்ந்து தேயுங்கள். எத்தனை முறை என்று எண்ண வேண்டாம், பிசிருக்காகக் காத்திருங்கள்.

பிசிர் என்பது வாய் முழுவதும் மறுபக்கம் மடிந்து வரும் மிக மெல்லிய உலோக விளிம்பு. முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக, வாயை விட்டு வெளியே போகும் திசையில் விரல்நுனியை மெல்ல வழித்தால் சொரசொரப்பாகத் தட்டுப்படும். அடியிலிருந்து நுனிவரை ஓரிடமும் விடாமல் பிசிர் வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று பொருள். புதியவர்களின் கத்தி கூரேறாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், பிசிர் வருவதற்கு முன்பே பக்கத்தை மாற்றிவிடுவதுதான்.

பிசிர் வந்ததும் கத்தியைத் திருப்பி, மறுபக்கத்திலும் அதே சாய்வில் பிசிர் வரும்வரை தேயுங்கள். பிறகு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், பக்கத்துக்கு ஒரு இழுப்பு என்று மாற்றி மாற்றி இழுங்கள். கடைசி இழுப்புகளில் கத்தியின் எடை மட்டுமே கல்லில் இருக்கட்டும். 1000 ஆம் இலக்கக் கல் இருந்தால் இதே வேலையை அதிலும் ஒருமுறை செய்யுங்கள்.

மிஞ்சிய பிசிரைத் தோல் எடுக்கும். பெல்ட் துண்டின் உட்புறம், அதாவது சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி ஒரு பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள். இங்கே திசை தலைகீழ்: முதுகு முன்செல்ல, வாய் பின்தொடர இழுக்க வேண்டும். மாறி இழுத்தால் தோல் வெட்டுப்படும். பக்கத்துக்குப் பத்து முறை போதும். சவரக்கத்தி பிடித்த காலத்து முடிதிருத்துநர்கள் தோல்வாரில் செய்ததும் இதையே.

செய்தித்தாளின் ஓரத்தை ஒரு கையில் தொங்கவிட்டு, மேலிருந்து அரிந்து பாருங்கள். கிழியாமல், எங்கும் சிக்காமல் போனால் நல்ல கூர். ஓரிடத்தில் சிக்கினால் அந்த இடத்தில் பிசிர் நிற்கிறது அல்லது மழுங்கல் எஞ்சியிருக்கிறது. விளக்கின் கீழ் பார்த்தால் எது என்று தெரியும்.

கத்தியின் அடியில், வாய் தொடங்கும் முன் சிறு மேடு ஒன்று இருக்கும். மூடிய நிலையில் அந்த மேடு வில்லின் மேல் உட்கார்ந்து, வாய் வில்லைத் தொடாமல் காக்கிறது. தீட்டும்போது அதைக் கல்லில் தேய்த்துவிடாதீர்கள். அது தேய்ந்தால் ஒவ்வொரு முறை மூடும்போதும் வாய் இரும்பில் போய் மோதும்.

வேகமாகச் சுழலும் சாணைச் சக்கரத்திடம் மடக்குக்கத்தியைக் கொடுக்காதீர்கள். மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் அது பொருத்தம். மெல்லிய அலகு உலர்ந்த சக்கரத்தில் பட்டதும் நொடிகளில் சூடேறிவிடும். சாதாரணக் கார்பன் எஃகு 300 பாகை செல்சியசை நெருங்கும்போது நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது. அந்த இடம் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூரை வைத்திருக்காது. பழைய கத்திகளில் நுனி மட்டும் ஒடுங்கி, வயிறு உள்வாங்கி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தச் சக்கரத்தின் வேலை.

வாரத்துக்கு ஒருமுறை தோலில் இழுத்து வந்தால் கல்லுக்குப் போகும் தேவை வெகுவாகக் குறையும்.

மாரியும் கச்சானும்

உப்பும் ஈரமும் இந்தக் கரையில் கத்திக்கு எதிரி. ஒவ்வொரு முறை பயன்படுத்தியதும் துடைத்து உலர்த்துங்கள். மீன் வெட்டினாலோ களப்புத் தண்ணீரில் நனைந்தாலோ நல்ல தண்ணீரில் கழுவி, திறந்தபடியே காற்றில் உலரவிடுங்கள். மூட்டுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி. அலகுக்கு, உணவில் படும் கத்தி என்பதால், தேங்காய் எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசித் துடைத்துவிடுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகி மூட்டைப் பிடித்துக்கொள்ளும்.

கார்பன் அலகில் மாங்காயும் எலுமிச்சையும் பட்டால் நீலமும் சாம்பலுமாகக் கறை ஏறும். பாக்குச் சாறு கறுப்பாக்கும். அதைத் தேய்த்துப் போக்க வேண்டியதில்லை. அந்தக் கறை படிந்த அலகு செந்துருவைச் சற்றுத் தாங்கும். செம்மண் நிறத்தில் பொடியாக வருவதுதான் கெட்டது. எண்ணெய் தொட்ட துணியால் அன்றே எடுத்துவிடுங்கள்.

ஒப்பினெல் போன்ற மரப்பிடிக் கத்தி மாரியில் ஊதி, அலகு வெளியே வர மறுக்கும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரம் சுருங்கித் தளரும். அலகு இறுகியிருந்தால் நகத்தால் போராட வேண்டாம். பிடியின் அடிமுனையை மேசை விளிம்பில் தட்டினால் நுனி சற்று வெளியே எழும். அதைப் பிடித்து இழுங்கள். பிறகு நிழலில் உலரவைத்து, மூட்டு இருக்கும் மரத்தில் மெழுகுதிரியைத் தேய்த்துவிடுங்கள். எருமைக்கொம்புப் பிடி கச்சானில் வெடிக்கும். அந்த மாதங்களில் இடையிடையே எண்ணெய் காட்டுங்கள்.

வைத்திருக்கும் கத்திகள் எல்லாவற்றையும் ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்து எண்ணெய் போட ஆயுத பூசை நாள் மிகப் பொருத்தம். மழை தொடங்கும் முன் வருகிற நாள் அது. கருவிகளைச் சுத்தம் செய்து வைப்பது எப்படியும் அன்றைய வழக்கம்தானே.

கொண்டு திரிதல்

காற்சட்டைப் பையில் சாவிகளோடும் சில்லறையோடும் போட்டால் பிடி கீறல்படும், மண் மூட்டுக்குள் புகும். தோலிலோ தடித்த துணியிலோ சிறு உறை தைத்துக்கொள்ளுங்கள். சாரம் கட்டுபவர்கள் மடியில் செருக வேண்டாம். குனியும்போது வழுக்கி விழும். பை வைத்த அகன்ற பெல்ட்டே அதற்குச் சரி. தோணியில் போகிறவர்கள் நூல் கட்டி இடுப்போடு பிணைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே கொண்டுபோகக் கூடாது என்பதே இங்கு முக்கியம். 2019 ஏப்ரல் 21 இல் மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலை இந்த ஊர் மறக்கவில்லை. அதைத் தொடர்ந்து மே மாதத் தொடக்கத்தில், வீட்டு வேலைக்கானவை தவிர்ந்த வாள்களையும் கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் நாடு முழுவதும் அறிவித்தார்கள். அந்த அச்சத்தை மதித்து நடப்பது நம் கடமை. வயல், தோட்டம், தோணி, பட்டறை, சமையற்கட்டு ஆகிய இடங்களில் கத்தி ஒரு கருவி. வழிபாட்டுத் தலம், நீதிமன்றம், பாடசாலை, ஆஸ்பத்திரி, அரச அலுவலகம், கூட்டம், இரவு நேரத் தெரு ஆகிய இடங்களுக்கு அது வேண்டாம், எவ்வளவு சிறியதாக இருந்தாலும். தற்காப்புக்காக என்று சொல்லி வாங்க நினைப்பவர் வாங்கவே வேண்டாம். பொத்தானை அழுத்தினால் பாயும் கத்தி, இருபக்கமும் கூருள்ள கத்தி, வேறு பொருள் போல மறைத்துச் செய்த கத்தி எதுவும் இந்தப் பழக்கத்துக்கு உரியதல்ல. எடுத்துச் செல்வது பற்றிய இன்றைய சட்டநிலையை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சோதனையில் கேட்டால், பையில் கத்தி இருப்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். உங்கள் கையால் உருவ வேண்டாம்.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்காதே, கீழே வை, அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். கொடுத்தால் சண்டை வரும் என்பது நம்பிக்கை. நடைமுறையில் அது மிகச் சரியான பழக்கம், பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் அதுவே. வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். ஆழமென்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பு (டெட்டனஸ்) ஊசி பற்றியும் கேளுங்கள்.

சேர்த்தல்

முதல் கத்தியைப் பலமுறை கல்லில் வைத்து எடுத்தபின் சேர்க்கத் தொடங்குங்கள். ஒரு நூலைப் பிடித்துக்கொள்வது நல்லது: ஒரே ஊரில் செய்தவை, ஒரே காலத்தவை, ஒரே தொழிலுக்கானவை. சுவிசில் நீண்ட காலம் வாழ்ந்தவர்களிடம் வெங்கர் என்ற மற்றொரு சுவிஸ் நிறுவனத்தின் பழைய கத்திகள் இருக்கும். விக்டோரினொக்ஸ் 2005 இல் வெங்கரை வாங்கியது. 2013 இல் அந்தப் பெயரில் கத்தி செய்வதை நிறுத்தியது. ஆகவே பயன்படுத்திய வெங்கர் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

இங்கேயே பழைய வீடுகளில், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் செய்த கத்திகள் கண்ணில் படலாம். ஜோசப் ரொஜர்ஸ் என்ற பெயரோடு நட்சத்திரமும் மால்ட்டாச் சிலுவையும் பொறித்திருந்தால் கவனியுங்கள். அந்தக் குறி 1682 இலிருந்து வருவது. கறுப்புச் சதுரக் கீறல் பிடியும் கயிறு பிரிக்கும் ஊசியும் உள்ள கனத்த கத்தி என்றால், அது பிரித்தானியப் படையினருடையதாக இருக்கக்கூடும். அலகிலோ பக்கத்திலோ அகன்ற அம்புக்குறியும் ஆண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். 1942 ஏப்ரல் 9 இல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலிருந்து வந்தது என்று சொல்லி யாராவது விலையை ஏற்றினால் நம்ப வேண்டாம். இவ்வளவு காலம் கடலில் கிடந்த எஃகு வில் திறந்து மூடாது. பொறித்திருப்பதைப் படியுங்கள், அதற்குரிய விலையைக் கொடுங்கள்.

பழைய கத்தியைப் பளபளப்பாக்கும் ஆசையை அடக்குங்கள். மூட்டில் மண்ணெண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, மெல்லத் திறந்து மூடுங்கள். கறுப்புக் குழம்பு வரும். துடைத்து, தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். செந்துருவை மட்டும் மிக மெல்லிய இரும்பு நாரும் எண்ணெயும் கொண்டு எடுங்கள். எமரித்தாளால் தேய்த்தால் செய்தவரின் பொறிப்பு அழியும், அதோடு கத்தியின் வரலாறும் போகும்.

யானைத் தந்தப் பிடியும் மான், மரைக் கொம்புப் பிடியும் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். அந்த விலங்குகள் 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. எருமைக்கொம்பும் மாட்டெலும்பும் கருங்காலியும் போதாதா?

தோலுறைக்குள் வைத்துச் சேமிக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுக்கும். எண்ணெய் தொட்ட பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, இறுக்கமாக மூடும் பிஸ்கட் பேணியில் வையுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களை எறியாமல் உள்ளே போடுங்கள். முத்துப் போல மினுங்கும் பழைய செலுலொயிட் பிடிக் கத்தி இருந்தால் அதை மட்டும் பேணிக்கு வெளியே, நெருப்புக்கு எட்டாத இடத்தில் தனியே வையுங்கள். அந்தப் பிடி பழுதாகும்போது வெளிவரும் ஆவி பக்கத்துக் கத்திகளையும் அரிக்கும். எளிதில் தீயும் பற்றும். ஒவ்வொரு கத்திக்கும் ஒரு சிறு அட்டை எழுதிக்கொள்ளுங்கள்: யாரிடமிருந்து வந்தது, எப்போது, என்ன பொறித்திருக்கிறது, கடைசியாக எப்போது தீட்டியது.

வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் கத்தி கேட்கும்போது, அதை விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கும்படி தெளிவாகச் சொல்லுங்கள். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், திரும்பக் கிடைக்காது.